எலக்ட்ரானுக்குப் பட்டா கிடையாது

சூரியனின் அடிவயிற்றில் ஒன்றரைக் கோடி டிகிரி சூடு. அங்கிருந்து ஒரு லிட்டர் பால் பாக்கெட் அளவுக்கு எதையாவது மொண்டு வந்து தராசில் வைத்தால் 150 கிலோ காட்டும். அந்த நெரிசலில், அந்தச் சூட்டில், எலக்ட்ரான்கள் யார் வீட்டில், எந்த அறையில், எத்தனை நாழிகைக்குக் குடியிருக்கின்றன என்று ஒரு கூட்டம் நூறு வருஷமாகக் கணக்கெடுத்துக்கொண்டிருக்கிறது.

வேலையற்ற வேலை என்று தோன்றும். ஆனால் இரண்டு சாராருக்கு இது இல்லாமல் பிழைப்பு ஓடாது. ஒருவர் வானத்தைப் பார்க்கிறவர். நட்சத்திரத்தின் வெளிச்சம் வெளியே வருகிற வழியை எலக்ட்ரான்கள்தான் மறிக்கின்றன. எவ்வளவு மறிக்கின்றன என்று தெரியாமல் நட்சத்திரத்தின் எடை, வயது, ஆயுள் எதையும் சொல்ல முடியாது. இன்னொருவர் குண்டு செய்கிறவர். அவருக்கும் அதே கணக்குதான், காரணம் வேறு. முதலாமவரிடம் கேள்வி இருந்தது, இரண்டாமவரிடம் பணம் இருந்தது. மீதிக் கதை முழுக்க இந்தச் சம்பந்தத்தில் பிறந்தது.

குளிர்ந்த இடத்தில் அணு என்பது பழைய காலத்துக் கட்டு வீடு. கருவுக்குப் பக்கத்தில் முதல் கட்டு, அதில் இரண்டு எலக்ட்ரான்கள். இரண்டாம் கட்டில் எட்டு. அதற்கப்புறம் மூன்றாம் கட்டு, நான்காம் கட்டு. யார் எங்கே என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட ஒப்பிப்பார்கள். சூடு ஏறினால் குடித்தனக்காரர்கள் வெளியே எறியப்படுவார்கள். எத்தனை பேர், எப்போது? இதற்கு முதலில் பதில் சொன்னவர் தானே ஒருமுறை எறியப்பட்டவர்.

1905இல் கர்சன் பிரபு வங்கத்தை இரண்டாக வெட்டினார். கிழக்குத் துண்டின் கவர்னர் ஃபுல்லர் டாக்காவுக்கு வந்தபோது பள்ளிப் பையன்கள் சிலர் பகிஷ்கரித்தார்கள். அவர்களில் ஒருவன் கிராமத்து மளிகைக் கடைக்காரர் மகன். பேர் மேக்நாத் சாஹா. உதவித்தொகை போயிற்று, பள்ளிக்கூடமும் போயிற்று. பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் ஒரு பன்னிரண்டு வயதுப் பையனை வெளியேற்றித் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது. பதினைந்து வருஷம் கழித்து, கல்கத்தாவில் வாத்தியாராக இருந்த அதே பையன், எலக்ட்ரான்கள் வீட்டைவிட்டு வெளியேறுவதற்கான விதியை எழுதி 1920இல் லண்டன் சஞ்சிகையில் அச்சிட்டான். கவர்னர் பேர் இன்று யாருக்கும் ஞாபகமில்லை. சாஹா சமன்பாடு இல்லாமல் வானவியல் பாடப் புத்தகம் கிடையாது.

அவர் செய்த காரியம் பார்க்க எளிது. அணு உடைவதை ரசாயன மாற்றம் மாதிரி பார்த்தார். கால்சியம் ஒரு பக்கம், எலக்ட்ரானை இழந்த கால்சியமும் தப்பி ஓடிய எலக்ட்ரானும் மறுபக்கம்; நடுவே போக்குவரத்து. சூடு வெளியே தள்ளும். நெரிசல் உள்ளே பிடித்துப்போடும். சூரியனின் மேலடுக்கில் கூட்டம் குறைவு, ஆகவே ஓடிப்போன எலக்ட்ரான் இன்னொரு வீட்டுக்காரர் கண்ணில் படுவது அபூர்வம், ஆகவே அங்கே வீடுகள் பாதி காலி. கிரகணத்தின்போது எடுத்த நிறமாலைப் படங்களில் இருந்த குழப்பமெல்லாம் ஒரே வரியில் தீர்ந்தது.

அந்த வரியை வைத்துக்கொண்டு ஹார்வர்டு வானாய்வகத்தில் சேசிலியா பெயின் என்ற பெண் 1925இல் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதினார். நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஹைட்ரஜன் என்று கணக்கு சொல்லியது. பிரின்ஸ்டனில் இருந்த பெரியவர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல், வாய்ப்பே இல்லை என்றார். பட்டம் வாங்க வேண்டிய பிள்ளை என்ன செய்யும்? இந்த முடிவு பெரும்பாலும் நிஜமாக இருக்காது என்று தன் ஆய்வேட்டிலேயே ஒரு வாக்கியம் சேர்த்துக்கொண்டது. நாலு வருஷம் கழித்து ரஸ்ஸல் வேறு வழியில் கணக்குப் போட்டு, நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஹைட்ரஜன் என்று கண்டுபிடித்தார். பெயின் பேரையும் கட்டுரையில் குறிப்பிட்டார். பெரிய மனசு.

(சாஹா பின்னால் நாடாளுமன்ற உறுப்பினராகி, இந்தியாவின் பஞ்சாங்கங்களை ஒழுங்குபடுத்தும் குழுவுக்கும் தலைமை தாங்கினார். அதன் பலனாக 1957 முதல் தேசிய நாட்காட்டி என்று ஒன்று இருக்கிறது. சூரியனின் மேலடுக்கை ஒரே வரியில் வழிக்குக் கொண்டுவந்தவர், நம் வீட்டுச் சுவரில் தொங்கும் பஞ்சாங்கத்திடம் தோற்றுப்போனார். ராகு காலம் இன்றுவரை அசையவில்லை.)

சாஹாவின் சமன்பாட்டில் ஒரு வில்லங்கம் உண்டு. தனியாக நிற்கும் அணுவில் கட்டுகளுக்கு முடிவே இல்லை. நூறாம் கட்டு, ஆயிரமாம் கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். வெளிக் கட்டுகளில் இடம் விசாலம், குடித்தனம் பண்ணக் கிட்டத்தட்ட செலவே இல்லை. எல்லாக் கட்டையும் கூட்டினால் விடை முடிவிலி. அதாவது, கணக்கை நேர்மையாகப் போட்டால் எலக்ட்ரான் வீட்டைவிட்டு வெளியே போகவே காரணம் இல்லை. எத்தனை சூடானாலும் பத்தாயிரமாம் கட்டில் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும். நிஜத்தில் அப்படி நடக்காததற்குக் காரணம் அடுத்த வீட்டுக்காரர். அவர் சுவர் நம் முற்றத்துக்குள் வந்துவிடுகிறது. எத்தனையாவது கட்டோடு நம் வீடு முடிகிறது என்பதை நம் பத்திரம் தீர்மானிப்பதில்லை, அண்டை அயல் தீர்மானிக்கிறது. 1939இல் இங்லிஸும் டெல்லரும் இதைத் திருப்பிப்போட்டு, நிறமாலையில் எத்தனையாவது கட்டு வரை கோடுகள் தனித்தனியாகத் தெரிகின்றன என்று எண்ணியே நெரிசலைச் சொல்லிவிடலாம் என்றார்கள். டெல்லர் என்ற பேரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் எந்தக் கதவைத் திறந்தாலும் அவர் உட்கார்ந்திருப்பார்.

நெரிசல் முற்றினால் என்ன ஆகும் என்பதற்கு முன்னோட்டம் வெள்ளைக் குறு நட்சத்திரம். சூரியன் எடையைப் பூமி அளவுக்குள் அடைத்த சமாச்சாரம். வானவியலாளர் எடிங்டன் இதைப் பார்த்து ஒரு விடுகதை போட்டார். இது குளிர வேண்டுமானால் அணுக்கள் பழையபடி வீடு கட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு ஈர்ப்பை எதிர்த்து விரிய வேண்டும். விரியக் கையில் ஆற்றல் இல்லை. சூடு தணியக்கூடக் காசில்லாத நட்சத்திரம். கேம்பிரிட்ஜின் ஃபவுலர் 1926 டிசம்பரில் விடையை அவிழ்த்தார். அப்போது வந்து சில மாதமே ஆகியிருந்த ஃபெர்மி–டிராக் புள்ளியியல்தான் சாவி. கல்யாண மண்டபத்தில் முந்தின ராத்திரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாய்க்கு இரண்டு பேர், அதுவும் தலைமாடு கால்மாடாக. மூன்றாமவர் வந்தால் அடுத்த பாய்தான். மேடை வரை பாய் விரித்தாகிவிட்டது என்றால் பிந்தி வந்தவர் மாடிப்படியில்தான் நிற்க வேண்டும். சூடே இல்லாவிட்டாலும் கூட்டம் வெளிப்பக்கமாக நெட்டித் தள்ளும். அந்தத் தள்ளல்தான் நட்சத்திரத்தைத் தாங்குகிறது.

இந்தச் செய்தி சென்னைக்கு வந்த விதம் தமாஷ். 1928இல் ஜெர்மனியின் சோமர்ஃபெல்ட் வந்திறங்கினார். அவருடைய அணுப் புத்தகத்தை வரி விடாமல் படித்திருந்த பிரசிடென்சி கல்லூரி மாணவர் ஒருவர், மயிலாப்பூர் வீட்டுப் பையன், நேரே போய் அவரைப் பார்த்தார். நூலாசிரியரிடம் போய் உங்கள் நூல் முழுக்கத் தெரியும் என்று நிற்கும்போது நாம் எதிர்பார்ப்பது முதுகில் ஒரு தட்டு. கிடைத்தது, அந்த இயற்பியல் எல்லாம் பழசாகிவிட்டது என்ற செய்தி. புத்தகம் எழுதியவரே சொன்னால் யாரிடம் போய் முறையிடுவது? ஆனால் பெரியவர் வெறுங்கையோடு அனுப்பவில்லை. உலோகங்களில் எலக்ட்ரான்கள் பற்றித் தான் எழுதி இன்னும் வெளிவராத கட்டுரையின் அச்சுப் பிழை திருத்தப் படிகளைக் கொடுத்தார். பையன் அதைப் பிடித்து ஃபவுலருக்குப் போய், 1930இல் கப்பலேறும்போது ஃபவுலர் கணக்கில் சார்பியலைச் சேர்த்து, நட்சத்திரத்தின் எடை சூரியனைப் போல ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேல் போனால் மண்டபமே தாங்காது என்ற முடிவுக்கு வழி போட்டுவிட்டார். சந்திரசேகர். 1935 ஜனவரியில் லண்டன் வானவியல் சபையில் எடிங்டன் அதைக் கேலி செய்து பேசினார்; விடுகதை போட்டவருக்கு விடை பிடிக்கவில்லை. நோபல் 1983இல் வந்தது. இந்தக் கதை நமக்கு மனப்பாடம் என்பதால் இங்கேயே விடுகிறேன். நமக்கு வேண்டியது அரைகுறை நெரிசல். வெள்ளைக் குறு நட்சத்திரத்தில் எல்லா வீடும் இடிந்துவிட்டது, கணக்கு சுலபம். சூரியனின் மேலடுக்கில் வீடுகள் தூரம் தூரம், அதுவும் சுலபம். இடையில் இருப்பதுதான் உயிரை வாங்கும்.

அந்த இடைநிலைக்கு ஒரு கருவி, அதற்காக இல்லாமலே, 1927இல் தயாரானது. கேம்பிரிட்ஜில் லெவெலின் தாமஸ் என்ற இருபத்துமூன்று வயதுக்காரரும், ரோமில் ஃபெர்மியும், ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் ஒரே சோம்பேறித்தனத்தில் இறங்கினார்கள். எலக்ட்ரான்களைத் தனித்தனியாக எண்ணுவானேன்? கருவைச் சுற்றி ஒரு மேகம் என்று வைத்துக்கொள்வோம். இங்கே அடர்த்தி இவ்வளவு, அங்கே அவ்வளவு. கட்டு, அறை, பேர், விலாசம் ஒன்றும் வேண்டாம். தாசில்தாரே பட்டாவையெல்லாம் ரத்து செய்து, தாலுகா முழுக்கப் புறம்போக்கு என்று எழுதிவிட்ட மாதிரி.

இதில் வேதியியல் செத்துப்போயிற்று. கட்டுகளே இல்லை என்றால் தனிம அட்டவணை ஏது? அதைவிட மோசம், 1962இல் டெல்லர் ஒன்றை நிரூபித்தார் (சொன்னேன் அல்லவா): தாமஸ்–ஃபெர்மி உலகில் எந்த இரண்டு அணுவும் ஒன்றோடொன்று சேராது. தண்ணீர் கிடையாது. உப்பு கிடையாது. படிக்கிற நீங்கள் கிடையாது. இப்படி ஒரு கொள்கையைக் குப்பையில் போடுவதுதான் முறை. ஆனால் அதன் விசேஷமே வேறு. நசுக்க நசுக்க, சூடாக்கச் சூடாக்க, அது சரியாகிக்கொண்டே வரும். வீட்டில் எதற்கும் உதவாத மாமா கலவரம் என்றால் மட்டும் முன்னால் நிற்பாரே, அந்த வகை.

கலவரம் வந்தது. லாஸ் அலமோஸ் மேட்டில் அணுகுண்டு செய்யக் கூடினார்கள். டெல்லர் தன் பெரிய பியானோவோடு வந்து சேர்ந்து, ராத்திரி வேளைகளில் வாசித்து அக்கம்பக்கத்தின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தார். செய்யச் சொன்ன உள்வெடிப்புக் கணக்கை விட்டுவிட்டு, இன்னும் பிறக்காத ஹைட்ரஜன் குண்டைப் பற்றியே பேசினார். பல கோடி டிகிரியில் யுரேனியம் வழியாக வெளிச்சம் எவ்வளவு வேகத்தில் கசியும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். யுரேனியத்தின் வீட்டில் 92 எலக்ட்ரான்கள். இந்தத் தலைவலியை அவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த மரியா கெப்பர்ட் மேயரிடம் தள்ளினார். கணவர் வேலை பார்க்கும் இடத்தில் மனைவிக்குச் சம்பளம் தரக்கூடாது என்ற அக்கால விதியின் புண்ணியத்தில் பல வருஷம் ஊதியமில்லாமல் இயற்பியல் செய்தவர் அவர். நட்சத்திரத்துக்கும் குண்டுக்கும் பொதுவான ஒளிமறிப்புக் கணக்கு என்ற துறையே அவரும் அவர் மாணவர்களும் போட்ட அஸ்திவாரத்தில் நிற்கிறது. பின்னால் அணுக்கருவுக்கே கட்டுகள் உண்டு என்று காட்டி 1963இல் நோபல் வாங்கினார். அப்போது அவர் வசித்த சான் டியேகோவின் பத்திரிகை, நம் ஊர் அம்மாவுக்கு நோபல் என்கிற தோரணையில் தலைப்புப் போட்டது. ஆணாக இருந்தால், நம் ஊர் அப்பா என்று போட்டிருப்பார்களா என்று தெரியவில்லை.

மேட்டில் இன்னொரு பக்கம், கணக்குப் போட மார்ச்சன்ட் என்ற மேசைமேல் வைக்கும் இரும்பு யந்திரங்கள். அவற்றைத் தட்டியவர்களில் விஞ்ஞானிகளின் மனைவிமார் பலர். தட்டுகிற தட்டில் அவை அடிக்கடி மக்கர் செய்யும். ரிப்பேருக்கு அனுப்பினால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஃபெய்ன்மன் என்ற இளைஞரும் மெட்ரோபொலிஸ் என்பவரும் ஒரு ஓடும் யந்திரத்தையும் ஓடாத யந்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூடியைக் கழற்றி, வித்தியாசம் பார்த்துச் சரிசெய்யத் தொடங்கினார்கள். நம் ஊர் ரேடியோ மெக்கானிக் கையாளும் அதே சாஸ்திரம். விஞ்ஞானி ஸ்குரூ டிரைவர் பிடிக்கக் கூடாது என்று நிர்வாகம் தடை போட்டது. ஓடாத யந்திரங்கள் மூலையில் குவிந்ததும் தடை தானாகக் கரைந்தது.

இந்த ஃபெய்ன்மன், மெட்ரோபொலிஸ் இருவரோடு டெல்லரும் சேர்ந்து 1949இல் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையின் ஆதி வேதம். அதில் உள்ள தந்திரம், லட்டு. கோடானுகோடி அணுக்களைக் கணக்கிட முடியாது. ஆகவே ஒரே ஒரு அணுவை ஒரு உருண்டைக்குள் அடை. உருண்டையின் ஓரத்தில் மின்புலம் பூஜ்யம் என்று வை. உருண்டையைச் சிறிதாக்கினால் நெரிசல் கூடும். உள்ளே தாமஸ்–ஃபெர்மி மேகத்தைச் சூடாக்கி விடு. அழுத்தம் வந்துவிடும். டப்பாவில் லட்டு அடுக்கினால் இடையில் சந்து விழுமே என்று கேட்கக் கூடாது. கேட்ட பிள்ளைகள் வேறு துறைக்குப் போய்விட்டார்கள்.

இப்படிச் சேர்ந்த எண்களையெல்லாம் எழுபதுகளின் தொடக்கத்தில் லாஸ் அலமோஸ் ஒரு பண்டகசாலையாக்கி, சீசேம் என்று பேர் வைத்தது. ஆமாம், அலிபாபா குகையின் அதே ‘திறந்திடு சீசேம்’தான். உள்ளே தங்கமும் மாணிக்கமும் இல்லை. எந்த உலோகத்தை எவ்வளவு நசுக்கினால் எவ்வளவு திருப்பி நசுக்கும் என்ற பட்டியல். காவலுக்கு நாற்பது பேருக்கு மேலேயே இருந்திருப்பார்கள்.

மேகத்தில் கட்டுகள் இல்லை என்ற குறை உறுத்திக்கொண்டே இருந்தது. எலக்ட்ரான் அடர்த்தியை வைத்தே மற்றதையெல்லாம் கணக்கிடும் அடர்த்திச் சார்பியக் கொள்கையை, சூடான இடத்துக்கும் செல்லுபடியாகும்படி, 1965இல் மெர்மின் ஒரு சின்னக் கட்டுரையில் எழுதிக் கொடுத்தார். கொள்கை சுத்தம். நடைமுறையில், சூடு ஏற ஏற எலக்ட்ரான்கள் ஏறி உட்காரக்கூடிய அத்தனை உயரத்து அறைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அறைகள் ஆயிரக்கணக்கில் பெருகி, கணினி மூச்சு வாங்கும். ஆகவே சுருக்கு வழிக்காரர்கள் பழைய லட்டுக்கே திரும்பினார்கள்; இந்தத் தடவை மேகத்துக்குப் பதில் உள்ளே நிஜமான கட்டுகள் வைத்த லட்டு. இதற்குச் சராசரி அணு என்று பேர். ஊரில் ஒரு வீட்டில் மூன்று பேர், இன்னொன்றில் நாலு பேர் இருக்கலாம். இவர்கள் எல்லாருக்கும் ஒரே ரேஷன் கார்டு எழுதி, உறுப்பினர் 3.4 என்று போட்டு அரிசி அளப்பார்கள். அழுத்தம், ஆற்றல் போன்ற மொத்தக் கணக்குகளுக்கு இது ஆச்சரியமாகப் பொருந்தும். யாராவது வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, அந்த 0.4 எங்கே என்று கேட்கும்வரை.

1979இல் லிபர்மன் என்பவர் லாஸ் அலமோஸில் சராசரி அணுவுக்கு ஒரு நிரல் எழுதினார். அதற்கு வைத்த பேர் இன்ஃபெர்னோ. தாந்தேயின் நரகம். விஷயம் சூடானது, பேர் பொருத்தம், சிரித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். நகரவில்லை. 2006இல் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்துக்காரர்கள் அதைத் திருத்தி எழுதி, பர்கடோரியோ என்றார்கள். பாவம் கழுவும் உத்தரிக்கும் ஸ்தலம். 2009இல் பிரான்சிலிருந்து ஒருவர் பாரடீசியோ கொண்டுவந்தார், சொர்க்கம். தாந்தே முடிந்தாரே, இனி என்ன செய்வார்கள் என்று பார்த்தால், 2019இல் லாஸ் அலமோஸ் டார்டரஸ் என்று ஒன்றை இறக்கியது. கிரேக்கப் புராணத்தில் அது நரகத்துக்கும் கீழே இருக்கிற பாதாளம். சொர்க்கம் வரை போய்ப் பார்த்துவிட்டுப் பாதாளத்துக்குத் திரும்பிய துறை இது ஒன்றுதான். இங்கிலாந்தின் அணு ஆயுத நிலையத்து நிரலுக்கு கஸாண்ட்ரா என்று பேர். உண்மையைச் சொல்வாள், ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று சாபம் வாங்கிய பெண். தான் செய்யும் தொழிலைப் பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேர் வைத்தவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எனக்கு இந்தத் துறையின் மேல் பிரியம் வந்ததே இந்தப் பேர்களால்தான்.

நரகத்திலிருந்து உத்தரிக்கும் ஸ்தலத்துக்கு ஏன் ஏற வேண்டிவந்தது என்பதில் ஒரு அழகு இருக்கிறது. நெரிசல் கூடக் கூட வெளிக் கட்டு இடியும். அங்கே இருந்த எலக்ட்ரான் உடனே தெருவுக்குப் போய்விடுவதில்லை. திண்ணையில் படுத்துக்கொள்ளும். சட்டப்படி வெளியே, வழக்கப்படி உள்ளே. ஆற்றல் கணக்கில் அது ஊசிமுனை போல் மெல்லிய இடத்தில் இருக்கும். கணினி பெரிய பெரிய எட்டாக எடுத்து வைத்தால் திண்ணையைத் தாண்டிப் போய்விடும். தாண்டினால் ஒரு ஆள் கணக்கில் குறைவார், அழுத்தம் திடீரென்று துள்ளும். பர்கடோரியோவின் முக்கிய வேலையே ஒவ்வொரு திண்ணையாகக் குனிந்து பார்த்து, யார் படுத்திருக்கிறார்கள் என்று தட்டி எழுப்பி எண்ணுவது.

இதற்கிடையில் வானத்துக்காரர்கள் பக்கம் ஒரு கூத்து. செஃபீட் என்ற வகை நட்சத்திரங்கள் கொல்லன் துருத்தி மாதிரி ஊதிச் சுருங்கும். சில ஒரே நேரத்தில் இரண்டு தாளத்தில் ஊதும். அந்த இரண்டு தாளத்தின் விகிதம், கணித்ததோடு பொருந்தவே இல்லை. 1982இல் நார்மன் சைமன், கன தனிமங்களின் ஒளிமறிப்பு இப்போது சொல்வதைப் போல இரண்டு மூன்று மடங்காக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும், தயவுசெய்து மறுபடி பாருங்கள் என்று ஒரு கட்டுரையே விண்ணப்பமாக எழுதினார். இரண்டு வருஷத்தில் லாஸ் அலமோஸிலிருந்து பதில் வந்தது: அவ்வளவு உயர வாய்ப்பில்லை. சர்க்கார் ஆபீஸில் மனுவுக்கு வருமே, அதே சாயல்.

லிவர்மோரில் இக்லெஸியஸ், ராஜர்ஸ், வில்சன் மூவரும் பார்த்தார்கள். 1987 முதல் வந்த ஓபல் கணக்குகளில், சில லட்சம் டிகிரியில், மறிப்பு நிஜமாகவே மூன்று மடங்கு வரை போனது. குற்றவாளி, இரும்பு. சூரியனில் லட்சம் ஹைட்ரஜன் அணுவுக்கு மூன்றே மூன்று இரும்பு அணு. ஆனால் அந்த மூன்றும் சும்மா இருப்பதில்லை. பாதி காலியான மூன்றாம் கட்டில் மிச்சமிருக்கும் எலக்ட்ரான்கள், கட்டை விட்டு வெளியே போகாமலே அறைக்கு அறை மாறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு நிறமாலைக் கோடு; சேர்த்தால் லட்சக்கணக்கில். முந்தைய கணக்கு, வீட்டுக்குள்ளே நடக்கிற நடமாட்டத்தைச் சிரமம் என்று விட்டுவைத்திருந்தது. லண்டனில் சீட்டன் தலைமையில் ஒரு சர்வதேசக் கூட்டமும் தனி வழியில் வந்து ஏறக்குறைய அதே எண்ணைச் சொன்னது. செஃபீட்கள் தாளத்துக்கு வந்தன. சைமன் மனு ஏற்கப்பட்டது.

அடுத்து, வீடு எந்தக் கட்டோடு முடிகிறது என்ற பழைய வழக்கு. இதற்கு இரண்டு சூத்திரங்கள் அலமாரியில் இருந்தன. 1963இல் எக்கர், க்ரோல் என்ற ஜெர்மானியர் இருவர் எழுதியது ஒன்று. 1966இல் ஸ்டூவர்ட், பயட் எழுதியது மற்றொன்று. முதலாவது கடுமை, நிறைய இடிக்கும். இரண்டாவது சாது. உலகத்து நிரல்கள் பெரும்பாலும் சாதுவைத்தான் அரை நூற்றாண்டாக நம்பின. சோதித்துப் பார்க்கச் சாதனம் இல்லை என்பது வேறு விஷயம்.

2012இல் கலிஃபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வகத்து எக்ஸ்ரே லேசரில் ஒரு குழு அலுமினியத் தகட்டைச் சுட்டது. சப்பாத்தி சுற்றும் ஃபாயிலில் பத்தில் ஒரு பங்கு கனம்கூட இல்லாத தகடு. வினாடியை லட்சம் கோடிப் பங்கு போட்டு, அதில் ஒரு பங்கிலும் பத்தில் ஒன்றைவிடக் குறைந்த நேரத்துக்கு ஒரு வெளிச்சம். சுமார் இருபது லட்சம் டிகிரி. வீடு பற்றி எரிகிறது, சுவர் சரிய நேரமில்லை. அணுக்கள் நின்ற இடத்திலேயே நிற்க, எலக்ட்ரான்கள் மட்டும் கொதிக்கின்றன. பார்த்தால், நிறைய இடிந்திருந்தது. எக்கர்–க்ரோல் பக்கம்தான் தீர்ப்பு. ஐம்பது வருஷ வழக்கு முடிந்தது என்று ஜெர்மானியர் கட்சி பட்டாசு வெடிக்கலாம்.

வெடிக்கவில்லை. அடுத்த வருஷமே இங்கிலாந்தில் ஆல்டர்மாஸ்டனின் ஓரியன் லேசரில் இன்னொரு குழு அதே அலுமினியத்தை எடுத்தது. இன்னும் சூடாக்கி, அறுபது எண்பது லட்சம் டிகிரி. நசுக்கி, திட அலுமினியத்தைவிட மூன்று மடங்கு வரை அடர்த்தி. மூன்றாம் கட்டிலிருந்து வரும் கோடுகள் தெரிகின்றனவா என்று மட்டும் பார்த்தார்கள். எக்கர்–க்ரோல் அந்தக் கட்டை எப்போதோ இடித்துத் தள்ளியிருக்க வேண்டிய அடர்த்தியிலும் கோடு தெரிந்தது. சாதுதான் கிட்டத்தில் இருந்தார்.

ஒரே அலுமினியம், இரண்டு நீதிமன்றம், இரண்டு தீர்ப்பு. சூடு வேறு, நெரிசல் வேறு என்று சமாதானம் சொல்லலாம்; சொல்லிக் கட்டுரைகள் குவிந்தன. என் கட்சி, கேள்வியே கோணல் என்பது. திண்ணையில் படுத்திருப்பவர் உள்ளேயா வெளியேயா என்று ஒரு கோடு கிழித்துக் கேட்டால், கேட்ட விதத்துக்குத் தக்கபடிதான் பதில் வரும். ஒரு குழு கதவைத் தட்டிக் கேட்டது, இன்னொன்று ஜன்னல் வழியாகப் பார்த்தது.

கடைசிக் கூத்து மறுபடி இரும்பு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சூரியனின் ஆக்சிஜன், கார்பன் அளவைப் புதிதாகக் கணக்கிட்டு, முன்பு நினைத்ததைவிடக் குறைவு என்றார்கள். சரி என்று மாதிரிச் சூரியனில் அதைப் போட்டால், அதன் உள் அடுக்குகள் நிஜச் சூரியனின் அதிர்வுகளோடு பொருந்த மறுத்தன. நிஜச் சூரியனில் கொதித்துப் புரளும் அடுக்கு, ஆரத்தில் 71 சதவீதத்தில் தொடங்குகிறது. மாதிரியில் அது இன்னும் மேலே போய்விட்டது. உள்ளே ஒளிமறிப்பு பத்துப் பதினைந்து சதவீதம் கூடியிருந்தால் பொருந்தும். யாரைக் கேட்பது? இரும்பைத்தான்.

அமெரிக்காவில் ஆல்புகெர்க்கியின் சாண்டியா ஆய்வகத்தில் இசட் யந்திரம் என்று ஒன்று. ஒரு மின்னலில் முப்பதாயிரம் ஆம்பியர் என்றால் இதில் இரண்டு கோடிக்கு மேல். மெல்லிய டங்ஸ்டன் கம்பிகளில் அதைப் பாய்ச்சினால் கம்பிகள் ஆவியாகி நடுவில் மோதி எக்ஸ்ரேயைக் கொட்டும். அந்த அடுப்பின் மேலே இரும்புத் துளி, கூடவே சூடு பார்க்கக் கொஞ்சம் மக்னீசியம். பத்து வருஷத்துக்கு மேல் உழைத்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். இருபது லட்சம் டிகிரியை ஒட்டிய சூட்டில், இரும்பு மறித்த ஒளி எல்லா நிரல்களும் சொன்னதைவிட, அலைநீளத்துக்குத் தக்கபடி 30 முதல் 400 சதவீதம் அதிகம். சூரியன் முழுக்கக் கணக்குப் பார்த்தால் ஏழு சதவீதம் போலத் தேறும். வேண்டியதில் ஏறக்குறைய பாதி.

பாதி சந்தோஷம், முழுத் தலைவலி. நிரல்கள் ஒன்றோடொன்று நன்றாகவே ஒத்துப்போகின்றன, இரும்போடுதான் ஒத்துப்போகவில்லை. நரகத்திலும் இல்லை, சொர்க்கத்திலும் இல்லை. எதை விட்டுவிட்டோம் என்று கோட்பாட்டுக்காரர்கள் ஒவ்வொரு அறையாகத் தேடினார்கள். சோதனைக்காரர்கள் தங்கள் பங்குக்கு அக்கம்பக்கத்து வீடுகளை விசாரித்தார்கள்: இரும்புக்கு இரண்டு வீடு தள்ளி இந்தப் பக்கம் குரோமியம், அந்தப் பக்கம் நிக்கல். 2019இல் வந்த விவரப்படி, கோடுகளுக்கு இடைப்பட்ட இடங்களில் அந்த அளவு முரண்டு பிடிப்பது இரும்பு மட்டும்தான். இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் ஒழுங்காகக் குடித்தனம் பண்ண, நடுவீட்டில் மட்டும் ராத்திரியெல்லாம் விளக்கு எரிகிறது.

இசட் யந்திரத்தை ஒருமுறை சுட்டால் நடுப்பகுதி உருகிச் சிதறிவிடும். உள்ளே ஆட்கள் இறங்கிக் கரியைச் சுரண்டி, துடைத்து, புதுக் கம்பிகளைக் கட்டிவிட்டு மேலே வருவார்கள். ஒரு நாளைக்கு ஒரு சுடல்தான் கணக்கு. நாளைக்கும் கம்பி கட்ட வேண்டும்.